மாட்டுக்கு மருந்து கொடுத்தால் நமக்கு மலேரியா குறையுமா? ஐவர்மெக்டின் யோசனை: ஒரு விளக்கம்

கொசுவை ஒழிக்க நமக்குத் தெரிந்த வழிகளை எண்ணிப் பாருங்கள். கொசுவலை, சுவரில் அடிக்கும் மருந்து, புகை, பேட், காயில், தண்ணீர்த் தொட்டிக்கு மூடி. இவை எல்லாமே நம் வீட்டைச் சுற்றித்தான் இருக்கின்றன. ஆனால் இந்தியக் கிராமங்களில் மலேரியாவைப் பரப்பும் முக்கியமான கொசு, இரவில் அதிகம் போவது நம் வீட்டுக்கு இல்லை. பக்கத்தில் இருக்கும் மாட்டுத் தொழுவத்துக்கு.

அப்படியென்றால் மாட்டின் ரத்தத்தையே கொசுவுக்கு விஷமாக மாற்றினால் என்ன?

கேட்கும்போது விசித்திரமாகத்தான் இருக்கும். ஆனால் உலகெங்கும் மலேரியா ஆய்வாளர்கள் பல வருடங்களாகச் சோதித்துப் பார்த்துவரும் யோசனை இது. கால்நடைகளுக்குக் குடற்புழு, உண்ணி, சிரங்கு ஆகியவற்றுக்குக் கொடுக்கும் ஐவர்மெக்டின் என்ற மருந்துதான் இதன் நாயகன். இது எப்படி வேலை செய்கிறது, இதுவரை என்ன நிரூபணமாகியிருக்கிறது, இந்தியாவுக்கு ஒத்துவருமா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஐவர்மெக்டினா? கொரோனா சமயத்தில் சொன்னார்களே, அதுவா?

அதேதான். முதலில் அந்தக் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம்.

ஜப்பானின் கிடாசாட்டோ நிறுவனத்தைச் சேர்ந்த சடோஷி ஓமுரா, அங்கே மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரைப் பிரித்தெடுத்தார். அமெரிக்காவின் மெர்க் நிறுவனத்தில் இருந்த வில்லியம் கேம்ப்பெல் அதிலிருந்து ஒட்டுண்ணிகளைக் கொல்லும் வேதிப்பொருளைக் கண்டறிந்தார். அதிலிருந்து உருவானதுதான் ஐவர்மெக்டின். 1981-ல் கால்நடை மருந்தாக விற்பனைக்கு வந்தது. 1987-லிருந்து, ஆப்பிரிக்காவில் பார்வையைப் பறித்துக்கொண்டிருந்த 'ரிவர் பிளைண்ட்னஸ்' நோய்க்காக மனிதர்களுக்கும் இலவசமாகக் கொடுக்கப்படுகிறது. யானைக்கால் நோய் ஒழிப்புக்காக இந்தியாவின் சில மாவட்டங்களிலும் மற்ற இரண்டு மருந்துகளோடு சேர்த்து இதைத் தருகிறார்கள்.

2015-ல் ஓமுராவுக்கும் கேம்ப்பெல்லுக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பரிசின் மறுபாதியைப் பெற்றவர் யார் தெரியுமா? மலேரியாவுக்கு ஆர்டிமிசினின் மருந்தைக் கண்டுபிடித்த சீன விஞ்ஞானி து யூயூ.

கொரோனா விஷயத்தில் ஐவர்மெக்டின் பலன் தரவில்லை என்பது பெரிய ஆய்வுகளில் தெளிவானது. இந்தியாவிலும் ஐ.சி.எம்.ஆர். – எய்ம்ஸ் வழிகாட்டுதலில் இருந்து 2021 செப்டம்பரில் அதை நீக்கிவிட்டார்கள். ஒரு வைரஸுக்கு எதிராக அது தோற்றது. பூச்சி, புழு போன்றவற்றுக்கு எதிராக அது வேலை செய்வதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. கொசுவும் பூச்சிதானே!

கொசு எப்படிச் சாகிறது?

பூச்சிகள், புழுக்களின் நரம்பிலும் தசையிலும் குளோரைடு அயனிகளுக்கான ஒருவகை 'கதவு' இருக்கிறது. ஐவர்மெக்டின் அந்தக் கதவைத் திறந்தபடியே பிடித்துவைத்துவிடும். விளைவு, பக்கவாதம். மாட்டுக்கும் மனிதருக்கும் இந்தக் குறிப்பிட்ட கதவு கிடையாது. கூடவே, மருந்து மூளைக்குள் அதிகம் நுழையாமல் தடுக்கும் அரணும் நம் உடலில் இருக்கிறது. அதனால்தான் சரியான டோஸில் மாட்டுக்கு ஒன்றும் ஆகாமல், அதன் ரத்தத்தைக் குடித்த கொசு மட்டும் சாகிறது. சாகாமல் தப்பித்த கொசுக்களும் குறைவாகவே முட்டையிடுகின்றன.

கொசுவலையிலும் சுவரிலும் பயன்படும் மருந்துகளுக்குப் பல இடங்களில் கொசுக்கள் பழகிவிட்டன. ஐவர்மெக்டின் வேலை செய்யும் விதமே வேறு. எனவே அந்த மருந்துகளுக்குச் சாகாத கொசுக்களையும் இது கொல்லக்கூடும். இன்னொன்று, இது கொசுவை விரட்டுவதில்லை. விரட்டினால் மாட்டை விட்டுவிட்டு நம்மிடம் வரும் ஆபத்து உண்டு. இங்கே மாடு வழக்கம்போல கொசுவை ஈர்த்துக்கொண்டே இருக்கும், பொறிபோல.

மாட்டுக்கு மலேரியாவே வராதே, பிறகு எதற்கு மாடு?

நல்ல கேள்வி. நமக்கு வரும் மலேரியா மாட்டுக்கு வராது. மாட்டைக் கடிக்கும் கொசுவுக்கு அங்கிருந்து அந்தக் கிருமி கிடைக்கப்போவதும் இல்லை. பிறகு மாட்டை ஏன் இழுக்கிறோம்? விடை கொசுவின் வயதில் இருக்கிறது.

மலேரியா நோயாளியைக் கடித்த உடனே கொசுவால் அடுத்தவருக்கு நோயைப் பரப்ப முடியாது. கிருமி கொசுவின் வயிற்றில் வளர்ந்து, அதன் உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்துசேர ஏறத்தாழ 10 முதல் 14 நாள் ஆகும். அதுவரை அந்தக் கொசு உயிரோடு இருந்தாக வேண்டும். இடைப்பட்ட நாட்களில் அது பட்டினி கிடக்காது. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ரத்தம் குடிக்கும். அந்தச் 'சாப்பாடுகளில்' ஒன்று மருந்து கொடுத்த மாட்டில் அமைந்துவிட்டால் கதை முடிந்தது.

ஆக, இங்கே குறி மாட்டில் இருக்கும் நோய் இல்லை. இரண்டு மனிதக் கடிகளுக்கு நடுவே கொசு செய்யும் பயணம்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போமா?

மலேரியா நோயாளியைக் கடித்த 1,000 கொசுக்களை எடுத்துக்கொள்வோம். மூன்று நாளுக்கு ஒருமுறை ரத்தம் குடிக்கின்றன, 12-வது நாளில் நோய் பரப்பத் தயாராகின்றன என்று வைப்போம். நடுவே 3, 6, 9-வது நாட்களில் மூன்று முறை ரத்தம் குடிக்கும். மருந்து கொடுத்த மாட்டைக் கடித்த கொசு எல்லாமே சாகும், வேறு எதனாலும் சாகாது என்றும் வைத்துக்கொள்வோம். நிஜம் இவ்வளவு எளிமையானது இல்லை. ஆனால் விஷயம் புரிய இது போதும்.

ஊரில் உள்ள எல்லா மாட்டுக்கும் மருந்து கொடுத்தாயிற்று என்றால், 12-வது நாளில் மிஞ்சும் கொசுக்கள்:

- 10-ல் 9 முறை மாட்டைக் கடிக்கும் இனம்: 1 கொசு
- 10-ல் 5 முறை மாட்டைக் கடிக்கும் இனம்: 125 கொசுக்கள்
- 10-ல் 1 முறை மட்டும் மாட்டைக் கடிக்கும் இனம்: 729 கொசுக்கள்

பாதி மாடுகளுக்கு மட்டும் மருந்து போய்ச்சேர்ந்தால்:

- முதல் இனம்: 166
- இரண்டாவது இனம்: 422
- மூன்றாவது இனம்: 857

இந்த ஆறு எண்களிலும் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. ஒன்று, மருந்து ஒன்றேதான். ஆனால் உள்ளூர்க் கொசுவுக்கு யாருடைய ரத்தம் பிடிக்கும் என்பதைப் பொறுத்துப் பலன் தலைகீழாக மாறுகிறது. இரண்டு, பாதி மாடுகளை விட்டுவிட்டால் பலன் மளமளவென்று சரிகிறது. முதல் இனத்தில் 1 என்பது 166 ஆகிவிட்டதே! இந்த இரண்டு பாடங்களையும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நிஜ உலகில் இதுவரை என்ன நடந்திருக்கிறது?

மாட்டை வைத்து மலேரியாவைக் குறைக்க முடியும் என்பதற்கு வலுவான ஆதாரம் நம் பக்கத்து நாட்டில் இருந்தே வந்தது. பாகிஸ்தானில் ஆப்கன் அகதிகள் வசித்த குடியிருப்புகளில் மாடு, ஆடுகளின் தோலில் டெல்டாமெத்ரின் என்ற பூச்சிக்கொல்லியைத் துடைத்துவிட்டார்கள். 2001-ல் வெளியான அந்த ஆய்வின்படி, உயிரைப் பறிக்கும் ஃபால்சிபாரம் வகை மலேரியா 56 சதவீதமும், வைவாக்ஸ் வகை 31 சதவீதமும் குறைந்தன. வீட்டுச் சுவரில் மருந்து அடிப்பதற்கு இணையான பலன். செலவோ 80 சதவீதம் குறைவு. அங்கிருந்த கொசுக்கள் குலிசிஃபேசிஸ், ஸ்டீஃபென்சி என்ற இனங்கள். இரண்டும் இந்தியாவிலும் உள்ளவை, இரண்டுமே அங்கே மாட்டை விரும்பிக் கடித்தவை.

ஆனால் கவனிக்க வேண்டியது, அது தோலில் தடவிய மருந்து. ரத்தத்தில் கலக்கும் ஐவர்மெக்டினை மாட்டுக்குக் கொடுத்த ஆய்வுகள் பெரும்பாலும் 'கொசு சாகிறதா?' என்பதோடு நின்றுவிட்டன. அதற்கான பதில் தெளிவானது: சாகிறது. சாதாரண ஊசி போட்ட மாட்டின் ரத்தம் இரண்டு மூன்று வாரம்வரை கொசுக்களைப் பாதிக்கிறது. மாதக்கணக்கில் நீடிக்கும் ஊசிகளையும் சோதித்துவருகிறார்கள்.

மனிதர்களுக்கே ஐவர்மெக்டின் கொடுத்த ஆய்வுகளின் முடிவுகள் கலவையானவை. கென்யாவின் குவாலே பகுதியில் 20,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த 'பொஹீமியா' ஆய்வின் முடிவு 2025 ஜூலையில் வெளியானது. மாதம் ஒரு டோஸ் என மூன்று மாதம் ஊருக்கே கொடுத்ததில், 5 முதல் 15 வயதுவரை உள்ள குழந்தைகளிடம் புதிய மலேரியா தொற்று 26 சதவீதம் குறைந்தது. கொசுவலை ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த ஊர்களில், அதற்கும் மேலே கிடைத்த பலன் இது. மறுபக்கம், புர்கினா ஃபாசோவில் நடந்த இரண்டாவது பெரிய ஆய்விலும், கினி-பிசாவின் தீவுகளில் நடந்த ஆய்விலும் மற்ற மலேரியா மருந்துகளோடு ஐவர்மெக்டினைச் சேர்த்துக் கொடுத்தபோது கூடுதல் பலன் தெரியவில்லை.

பொஹீமியா குழு மொசாம்பிக்கின் மோப்பேயா மாவட்டத்தில் மனிதர்களோடு கால்நடைகளுக்கும் மருந்து கொடுத்துப் பார்க்கத் திட்டமிட்டிருந்தது. நாம் எதிர்பார்த்த ஆய்வு அதுதான். 2022 மார்ச்சில் வந்த கோம்பே புயல் அதைப் பெரிதும் பாதித்துவிட்டது.

எனவே இப்போதைய நிலவரம் இதுதான்: மாட்டுக்கு ஐவர்மெக்டின் கொடுத்தால் கொசு சாகும் என்பது உறுதி. அதனால் மனிதர்களிடம் மலேரியா குறைந்தது என்று பெரிய அளவில் உறுதிசெய்த முடிவு இன்னும் இல்லை. உலக சுகாதார நிறுவனமும் இதைப் பரிந்துரைக்கவில்லை.

மனிதர்களுக்கே கொடுக்கலாமே, மாடு எதற்கு?

மனிதர்களுக்குக் கொடுப்பதில் எல்லைகள் இருக்கின்றன. 15 கிலோவுக்குக் குறைவான குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் தருவதில்லை. நோயே இல்லாத ஒருவரிடம், 'உங்களைக் கடிக்கும் கொசு சாவதற்காக இந்த மாத்திரையைப் போடுங்கள்' என்று மாதாமாதம் கேட்பதும் எளிதல்ல. மாட்டுக்கோ குடற்புழு நீக்கம் எப்படியும் தேவை. உண்ணியும் குடற்புழுவும் குறைந்தால் மாடு தேறும். அதாவது, மாட்டுக்காரருக்கும் நேரடி லாபம் உண்டு.

இப்படிச் சொல்லித்தான் பலரும் இந்த யோசனையை ஆதரிக்கிறார்கள். அதில் ஒரு பெரிய செலவு விட்டுப்போகிறது. அதற்கு வருவோம்.

இந்தியாவுக்கு இது சரிப்படுமா?

எண்களைப் பார்த்தால் ஆசை வரும். 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாடுகள் 19.25 கோடி, எருமைகள் கிட்டத்தட்ட 11 கோடி, வெள்ளாடுகள் 14.9 கோடி. நாட்டின் கிராமப்புற மலேரியாவில் 60 முதல் 65 சதவீதத்துக்குக் காரணம் என்று கணக்கிடப்படும் அனோபிலிஸ் குலிசிஃபேசிஸ், மாட்டு ரத்தத்தை விரும்பும் கொசு. தொழுவத்திலேயே தங்கி ஓய்வெடுக்கும். மனிதரை அரிதாகத்தான் கடிக்கும். ஆனால் எண்ணிக்கையில் மிக அதிகமாகப் பெருகுவதால் அந்த அரிதான கடியே நோயைப் பரப்பப் போதுமானதாகிவிடுகிறது. நம் கணக்கில் முதல் வரிசையில் வரும் கொசு இது.

ஆனால் இந்தியாவில் மலேரியா இப்போது எங்கே மிஞ்சியிருக்கிறது என்று பாருங்கள். 2015-ல் நாட்டில் பதிவான மலேரியா 11,69,261. 2023-ல் அது 2,27,564. எட்டு வருடத்தில் 80 சதவீதம் குறைவு. 2030-க்குள் முழுவதும் ஒழிப்பதே இலக்கு. மிஞ்சியிருக்கும் நோயின் பெரும்பங்கு ஒடிசா, சத்தீஸ்கர், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்களின் காட்டோர, மலையோரப் பழங்குடிப் பகுதிகளில் இருக்கிறது. ஒடிசா மலைப்பகுதிகளில் நோயைப் பரப்பும் ஃப்ளூவியாடிலிஸ் இனமும், வடகிழக்கின் மினிமஸ், பைமாய் இனங்களும் மனித ரத்தத்தைத் தேடி வருபவை. நம் கணக்கில் மூன்றாவது வரிசை. அங்கே எத்தனை மாட்டுக்கு ஊசி போட்டாலும் பெரிய மாற்றம் வராது.

அதே சத்தீஸ்கர், ஜார்க்கண்டின் வேறு பகுதிகளில் குலிசிஃபேசிஸும் இருக்கிறது. எனவே மாநில அளவில் முடிவெடுக்க முடியாது. மாவட்டம், வட்டாரம் என்று இறங்கி, கொசுவைப் பிடித்து, அதன் வயிற்றில் இருப்பது யாருடைய ரத்தம் என்று பரிசோதித்த பிறகே முடிவெடுக்க வேண்டும்.

தமிழ்நாட்டுக்கு வந்தால், சென்னையில் மலேரியா பரப்பும் ஸ்டீஃபென்சி, மொட்டைமாடித் தொட்டியிலும் கிணற்றிலும் வளர்வது. அங்கே தொட்டிக்கு மூடி போடுவதுதான் வைத்தியம், மாட்டுக்கு ஊசி இல்லை. ராமேஸ்வரம் தீவில் இருப்பதோ குலிசிஃபேசிஸின் தனி வகை. 'இ' வகை என்று பெயரிடப்பட்ட அது முதலில் அடையாளம் காணப்பட்டதே அந்தத் தீவில்தான். குலிசிஃபேசிஸின் 'பி' வகை இந்தியாவில் பெரும்பாலும் மலேரியாவைச் சரியாகப் பரப்பாது. பார்க்க அதேபோல இருக்கும் 'இ' வகை நன்றாகவே பரப்பும். ஒரே பெயர் கொண்ட கொசுவுக்குள்ளேயே இத்தனை வேறுபாடு.

செலவு யார் தலையில்?

அதிகம் பேசப்படாத பகுதி இதுதான்.

ஐவர்மெக்டின் பாலில் வெளியேறும். அதனால் மனிதர்கள் குடிக்கும் பாலைத் தரும் கறவை மாடுகளுக்கு இதைப் போடக்கூடாது என்பதே பொதுவான எச்சரிக்கை. இறைச்சிக்கும் சில வாரக் காத்திருப்பு உண்டு. ஒரு மாடு தினம் 8 லிட்டர் கறக்கிறது, லிட்டருக்கு 35 ரூபாய் கிடைக்கிறது என்று வையுங்கள். நான்கு வாரம் பாலை விற்க முடியாவிட்டால் 7,840 ரூபாய் நஷ்டம். ஒன்றிரண்டு மாடு வைத்துப் பிழைக்கும் குடும்பத்துக்கு அது ஒரு மாத வருமானம். மலேரியா குறைவதன் பலன் ஊருக்கே போகும். பால் நஷ்டம் மட்டும் மாட்டுக்காரர் வீட்டில் நிற்கும். பாலில் குறைவாகவே கலக்கும் எப்ரினோமெக்டின் என்ற உறவுக்கார மருந்து உண்டு. அதைப் பல நாடுகளில் கறவை மாட்டுக்கும் அனுமதிக்கிறார்கள். கறவை மாட்டை விட்டுவிட்டு மற்றவற்றுக்கு மட்டும் போடலாமா என்றால், நம் கணக்கின் இரண்டாவது பாடம் நினைவிருக்கிறதா? பாதியை விட்டால் பலன் சரியும். போதாததற்கு, யாருக்கும் சொந்தமில்லாமல் தெருவில் திரியும் மாடுகளே 2019 கணக்குப்படி 50 லட்சம்.

அடுத்தது சாணம். ஐவர்மெக்டின் பெருமளவில் சாணத்தோடுதான் வெளியேறுகிறது. அந்தச் சாணத்தில் வாழும் சாண வண்டுகளையும் ஈப்புழுக்களையும் அது பாதிக்கிறது. சாணத்தை மக்கவைத்து மண்ணில் சேர்ப்பதே அந்த வண்டுகள்தான்.

மூன்றாவது, மருந்துக்குப் பழகிப்போவது. ஆடுகளின் வயிற்றில் ரத்தம் உறிஞ்சும் புழுக்கள் உலகின் பல பகுதிகளில் ஐவர்மெக்டினுக்கு ஏற்கெனவே கட்டுப்படுவதில்லை. கொசுவுக்காக அடிக்கடி கொடுத்தால் அந்த நிலை வேகமாகப் பரவும். கடைசியில் மாட்டுக்காரரின் கையில் இருந்த மருந்தே பயனில்லாமல் போகலாம்.

நிர்வாகச் சிக்கலும் சாதாரணமானதில்லை. மலேரியா சுகாதார அமைச்சகத்தின் பொறுப்பு, மாடு கால்நடை அமைச்சகத்தின் பொறுப்பு. கோமாரி நோய்க்காக ஆறு மாதத்துக்கு ஒருமுறை நாடு முழுவதும் தடுப்பூசி போடும் திட்டம் 2019 முதல் நடக்கிறது. அதே ஆட்களை வைத்து இதையும் செய்யலாமே என்று தோன்றும். ஆனால் இன்றைய சாதாரண ஊசியின் வீரியம் சில வாரம்தான். ஆறு மாத இடைவெளி ஒத்துவராது.

அப்போ முடிவு என்ன?

இது மாயமந்திரமும் இல்லை, தூக்கிப்போட வேண்டிய யோசனையும் இல்லை. சரியான கொசு இருக்கும் இடத்தில், மழைக்காலத்தில், கொசுவலையோடு சேர்த்துப் பயன்படுத்தினால் உதவக்கூடிய ஒரு கருவி. 2023-ல் மட்டும் உலகில் 26.3 கோடிப் பேருக்கு மலேரியா வந்தது, 5.97 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இறந்தவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவின் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். அப்படியிருக்க 20, 25 சதவீதக் குறைவும் சின்ன விஷயமில்லை.

அடுத்தமுறை 'மாட்டுக்கு ஊசி, மலேரியாவுக்கு முடிவு' என்று ஒரு தலைப்பு உங்கள் ஃபோனில் வந்தால், ஷேர் செய்வதற்கு முன் நான்கு கேள்வி கேளுங்கள்:

1. எந்தக் கொசு? அது அந்த ஊரில் யாரைக் கடிக்கிறது?
2. கொசு செத்தது என்கிறார்களா, மலேரியா குறைந்தது என்கிறார்களா? இரண்டும் ஒன்றில்லை.
3. எத்தனை சதவீத மாடுகளுக்கு மருந்து போனது, பலன் எத்தனை நாள் நீடித்தது?
4. பால் நஷ்டத்தை யார் ஈடுகட்டினார்கள்?

நான்காவது கேள்விக்குப் பதில் இல்லாத எந்தத் திட்டமும் தொழுவத்தின் வாசலிலேயே நின்றுவிடும்.

கடைசியாக ஒன்று. கால்நடைக்கான ஐவர்மெக்டினை நீங்களாக வாங்கிச் சாப்பிடவோ, மருத்துவரைக் கேட்காமல் வீட்டு மாட்டுக்கோ நாய்க்கோ போடவோ வேண்டாம். கோலி போன்ற சில நாய் இனங்களுக்கு இது உயிருக்கே ஆபத்தாகலாம். மலேரியாவுக்கு உங்கள் கையில் இருக்கும் வழி மாறவில்லை: தொட்டியை மூடுங்கள், வலைக்குள் தூங்குங்கள், குளிர்காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.